பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் பேட்டரி இறங்கிய கார்: ஜம்பர் கேபிளின் கடைசிக் கவ்வியை எங்கே மாட்டுவது?

ஈசூன்வாசி:

அனைவருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு தஞ்சாவூர் சென்று நேற்றிரவுதான் சிங்கப்பூர் திரும்பினோம். அதுவரை எங்கள் கார் அடுக்குமாடிப் புளோக்கை ஒட்டிய பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் நான்காம் தளத்தில் அசையாமல் நின்றிருந்தது. இன்று காலை ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியபோது முகப்பு விளக்குகள் மங்கலாக மினுங்கின. முன்பக்கத்திலிருந்து விரைவான ‘டிக் டிக்’ ஓசை மட்டும் வந்தது. எஞ்சின் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், தானியங்கி கியர், பேட்டரிக்கு வயது இரண்டரை ஆண்டு இருக்கும்.

கார் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. இருபுறமும் வேறு கார்கள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் தம் ஹைபிரிட் காரிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். கீழே சரக்கு இறக்க வரும் லாரி ஓட்டுநரும் உதவுவதாகச் சொன்னார். ஒரு காரின் பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் கொடுக்கும் ஜம்பர் கேபிளில், கறுப்புக் கேபிளின் கடைசிக் கவ்வியை என் பேட்டரியின் எதிர்முனையில் மாட்டலாம் என்று சிலரும், கூடவே கூடாது, எஞ்சினின் இரும்பில்தான் மாட்டவேண்டும் என்று சிலரும் சொல்வதால் குழம்பியிருக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இரவுப்பயணி:

முதலில் லாரி ஓட்டுநருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். பெரிய லாரிகள் பலவற்றில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் மின்னமைப்பாக வைத்திருப்பார்கள். அதை உங்கள் காரில் இணைத்தால் கணினிப் பெட்டி முதல் வானொலி வரை எது கருகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிறிய லாரிகளில் 12 வோல்ட்டும் உண்டு என்றாலும், உறுதியாகத் தெரியாதபோது தொடாமலிருப்பதே நல்லது.

தனியார் வாடகைக் கார் ஓட்டுபவன் என்பதால் வழியில் நிற்கும் பலருக்கு உதவியிருக்கிறேன். நான் பின்பற்றும் வரிசை இதுதான். இரண்டு கார்களையும் ஒன்றையொன்று தொடாதபடி நிறுத்தி, கியரை ‘பி’யில் வைத்து, கைத்தடையைப் போட்டு, விளக்கு, குளிரூட்டி, வானொலி எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். பிறகு சிவப்புக் கவ்வியை முதலில் இறங்கிப்போன பேட்டரியின் நேர்முனையிலும், அதன் மறுமுனையை உதவும் காரின் நேர்முனையிலும் மாட்ட வேண்டும். அடுத்துக் கறுப்புக் கவ்வியை உதவும் காரின் எதிர்முனையில் மாட்டிவிட்டு, மிச்சமிருக்கும் கடைசிக் கறுப்புக் கவ்வியை உங்கள் காரில் பேட்டரியை விட்டு எட்டத்தில் இருக்கும், வண்ணம் பூசாத, கனமான எஞ்சின் உலோகத்தில் கடிக்கவிட வேண்டும். உதவும் காரின் எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, அதன் பிறகு உங்கள் காரை ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒவ்வொரு முயற்சியும் சில விநாடிகளுக்கு மேல் போகக்கூடாது. இடையில் ஸ்டார்ட்டர் மோட்டார் ஆற அவகாசம் கொடுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் மாட்டியதற்கு நேர் தலைகீழ் வரிசையில் கவ்விகளைக் கழற்றுங்கள்.

உங்கள் கார் சுவரைப் பார்த்து நிற்பதுதான் பெரிய சிக்கல். மின்சாரம் இல்லாவிட்டால் பல தானியங்கி கார்களில் கியர் ‘பி’யிலிருந்து நகராது. கியர் தண்டின் அருகில் ஒரு சிறு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் திறந்து உள்ளே இருக்கும் விசையைச் சாவியால் அழுத்திக்கொண்டே, பிரேக்கையும் மிதித்தபடி ‘என்’னுக்கு மாற்றலாம். ஆனால் எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கும் திருப்புவளையத்துக்கும் உதவி விசை கிடைக்காது என்பதால் இரண்டும் கல்லாக இருக்கும். இருவர் தள்ள, ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கில் கால் வைத்திருக்க வேண்டும். சாய்தளத்துக்கு அருகில் இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள்.

பழைய டாட்சன்:

தம்பிகளே, நான் கார் ஓட்டத் தொடங்கிய காலத்தில் தோ பாயோவில் இத்தனை பலமாடி நிறுத்துமிடங்கள் கிடையாது. அன்றிலிருந்து நேர்முனைக்கு நேர்முனை, எதிர்முனைக்கு எதிர்முனை என்றுதான் மாட்டி வருகிறேன். எந்தப் பேட்டரியும் வெடித்ததில்லை. இப்போதைய கார்களில் எஞ்சினுக்கு மேல் பிளாஸ்டிக் மூடியைப் போட்டுவிடுகிறார்கள். அதற்குள் வண்ணம் பூசாத இரும்பைத் தேடிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும்.

இன்னொன்றும் சொல்கிறேன். கார் ஓடத் தொடங்கியதும் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிப் பாருங்கள். எஞ்சின் தொடர்ந்து ஓடினால், ஓடும்போது மின்சாரம் உண்டாக்கித் தரும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. நின்றுவிட்டால் அதுதான் கெட்டிருக்கிறது. இதைவிட எளிய சோதனை கிடையாது.

செம்புக்கம்பி:

ஐயா, தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த இரண்டாவது சோதனையைத் தயவுசெய்து யாரும் இன்றைய காரில் செய்ய வேண்டாம். ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு மின்னோட்டம் அனுப்பிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைத் திடீரென்று துண்டித்தால், அந்த மின்னோட்டத்துக்குப் போக்கிடம் இல்லாமல் மின்னழுத்தம் ஒரு கணத்தில் பல மடங்காக எகிறும். கார்புரேட்டரும் சாதாரணப் பற்றவைப்புச் சுருளும் இருந்த கார்கள் அதைத் தாங்கிக்கொண்டன. எஞ்சின், கியர், பிரேக், காற்றுப்பை என்று ஒவ்வொன்றுக்கும் கணினி வைத்திருக்கும் இன்றைய கார் தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இருபது வெள்ளிக்குக் கிடைக்கும் மல்டிமீட்டரின் முனைகளைப் பேட்டரியில் வைத்துப் பார்த்தாலே போதும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. சில புதிய கார்களில் கணினியே மின்னேற்றத்தைக் குறைத்தும் கூட்டியும் கட்டுப்படுத்துவதால் சற்று நேரம் 13க்குக் கீழேயும் காட்டக்கூடும். அப்போது முகப்பு விளக்கையும் விசிறியையும் போட்டுவிட்டு மீண்டும் அளந்து பார்க்க வேண்டும்.

இனி கடைசிக் கவ்விக்கு வருகிறேன். ஈய-அமிலப் பேட்டரிக்கு மின்னேற்றும்போது, குறிப்பாக அளவுக்கு மேல் ஏற்றும்போது, அதிலுள்ள நீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளியேறும். காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காடு கலந்திருந்தாலே அது பற்றிக்கொள்ளும். மின்சுற்று முழுமையடைவது கடைசிக் கவ்வியை மாட்டும் கணத்தில்தான் என்பதால், அந்தக் கணத்தில் தீப்பொறி தெறிப்பது இயல்பு. அதைத் தடுக்க முடியாது, எங்கே தெறிக்கிறது என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்க முடியும். பேட்டரியின் மேல்மூடியிலேயே தெறிக்கவேண்டுமா, இரண்டடி தள்ளியா என்பதுதான் கேள்வி. ஐயாவுக்கு இதுவரை எதுவும் ஆகவில்லை என்றால், ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் வாயு போதிய அளவு தேங்கியிருக்கவில்லை என்று பொருள். வெடிக்கும் பேட்டரி கந்தக அமிலத்தை முகத்தில் வீசும். அதனால்தான் வீங்கிய, விரிசல் விட்ட, அமிலம் கசியும் பேட்டரியை ஜம்ப் செய்யவே கூடாது என்கிறார்கள்.

வேறொரு பயனும் உண்டு. ஐட்லிங் ஸ்டாப் வசதி (கார் நிற்கும்போது எஞ்சினைத் தானாக அணைப்பது) உள்ள பல கார்களில் எதிர்முனையின் மேல் ஒரு சிறிய உணரி பொருத்தப்பட்டிருக்கும். பேட்டரிக்குள் போகும் மின்னோட்டத்தையும் வெளியேறும் மின்னோட்டத்தையும் அது கணக்கு வைக்கிறது. கறுப்புக் கவ்வியை உடற்சட்டத்திலோ எஞ்சினிலோ மாட்டினால் மின்னோட்டம் அந்த உணரி வழியாகவே செல்லும். நேராக முனையில் மாட்டினால் கணக்கு தவறிவிடும். பிளாஸ்டிக் மூடியைப் பற்றி ஐயா சொன்னது உண்மைதான். ஆனால் எஞ்சினைத் தூக்குவதற்கென்று வைத்திருக்கும் இரும்பு வளையம் அநேகமாக எல்லா எஞ்சினிலும் இருக்கும். சில கார்களில் இதற்காகவே ஒரு தரை முனையும் இருக்கும். காரின் கையேட்டில் படத்தோடு போட்டிருப்பார்கள்.

கேபிளைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, ஆனால் பெரும்பாலும் தோல்விக்குக் காரணம் அதுதான். சிறிய பெட்ரோல் எஞ்சினைச் சுழற்ற ஏறக்குறைய 150 ஆம்பியர் தேவைப்படும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மீட்டர் நீளமுள்ள சிவப்பும் கறுப்பும் சேர்ந்து ஆறு மீட்டர். 16 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள சுத்தமான செம்பு என்றால் இந்த ஆறு மீட்டரில் சுமார் ஒரு வோல்ட் இழப்போம், அதைச் சமாளிக்கலாம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்களில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியத்தால் ஆனவை. தடித்த ரப்பர் உறைக்குள் உலோகம் கொஞ்சமாகத்தான் இருக்கும். அதுவே 10 சதுர மில்லிமீட்டர் என்றால் இரண்டரை வோல்ட் கேபிளிலேயே போய்விடும். மெல்லிய உறிஞ்சுகுழலில் பாயசம் குடிக்கும் கதைதான். அத்தகைய கேபிள் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், அதை மாட்டி உதவும் காரின் எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, உங்கள் பேட்டரியிலேயே சற்று மின்சாரம் ஏறியபின் முயலுங்கள்.

சிவப்புப்பலகை:

என் கார் சிவப்பு எண் பலகை கொண்ட வாரஇறுதிக் கார். சிறப்பு உரிமம் வாங்காமல் வாரநாள் பகலில் எடுக்க முடியாது, இரவில் எடுப்பதற்கும் பெரும்பாலும் நேரம் வாய்ப்பதில்லை. ஆகவே பேட்டரி இறங்குவது எனக்குப் பழகிப்போன ஒன்று. வேறொரு காரை நகர்த்திக் கொண்டுவரச் சொல்லி யாரையும் தொல்லை செய்யாமல் இருக்க, எஞ்சினைத் தொடங்க மின்சாரம் தரும் கையடக்க லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். சுவரைப் பார்த்து நிற்கும் காருக்கு அதுதான் சரியான வழி என்பேன்.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். அதைக் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். மேல்தளத்தில் வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் லித்தியம் செல்லுக்கு ஆகாது. தேவைப்படும் நாளில் அதுவே வீங்கிக் கிடக்கும். வீட்டில் வைத்துச் சில மாதங்களுக்கு ஒருமுறை சார்ஜ் செய்துவிடுங்கள். மற்றது, பேட்டரி ஓரிரு வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால், அங்கே பேட்டரி இருப்பதையே அந்தக் கருவியால் உணர முடியாது, மின்சாரமும் தராது. அதற்காகக் கட்டாய இயக்கப் பொத்தான் ஒன்றை வைத்திருப்பார்கள். அதை அழுத்தினால், கவ்விகளை மாற்றி மாட்டினாலும் தடுக்கும் பாதுகாப்பு நீங்கிவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிவப்பு, கறுப்பு இரண்டையும் இன்னொரு முறை கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே அதைத் தொட வேண்டும். முனைகள் மாறினால் முதன்மை உருகி போவதோடு நின்றால் அதிர்ஷ்டம்; ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் சேர்ந்து போகக்கூடும்.

பக்கத்து வீட்டுக்காரரின் ஹைபிரிட் காரை விட்டுவிடுங்கள். அதில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி சிறியது; எஞ்சினைச் சுழற்றுவது அதன் வேலையே அல்ல, கணினிகளை எழுப்புவது மட்டும்தான். உங்கள் ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்கும்படி அந்த அமைப்பை வடிவமைக்கவில்லை. ஹைபிரிட், மின்சாரக் கார்களை உதவும் காராகப் பயன்படுத்த வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்களின் கையேடுகளே சொல்கின்றன. நல்ல மனத்தோடு உதவ வந்தவருக்குச் செலவு வைத்துவிடக் கூடாது.

ஈசூன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. மல்டிமீட்டர் வாங்கி அளந்தேன், 11.4 வோல்ட் காட்டியது. நண்பர் ஒருவர் ஜம்ப் ஸ்டார்ட்டர் கொண்டுவந்தார். எஞ்சின் தூக்கும் வளையத்தில் கறுப்புக் கவ்வியை மாட்டினோம். முதல் முயற்சியிலேயே ஓடத் தொடங்கியது. ஓடும்போது 14.2 வோல்ட் இருந்தது. இப்போது அரைமணி நேரம் அங்கேயே எஞ்சினை ஓடவிட்டால் பேட்டரி நிறைந்துவிடுமா?

இரவுப்பயணி:

ஓடவிடாதீர்கள். நின்றிருக்கும் வாகனத்தில் எஞ்சினை ஓடவிட்டுவைப்பது இங்கே குற்றம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகள் கார் நிறுத்துமிடங்களிலும் சோதனைக்கு வருவதுண்டு, பேட்டரி ஏற்றுகிறேன் என்ற காரணத்தை அவர்கள் ஏற்பார்களா என்பதைச் சோதித்துப் பார்க்கும் ஆசை எனக்கில்லை. மேல்தளத்து வீட்டுக்காரர்களுக்கும் புகை போகும். எடுத்துக்கொண்டு தீவு விரைவுச்சாலையில் ஜூரோங் வரை போய்த் திரும்புங்கள். எஞ்சின் வேகம் கூடினால்தான் ஆல்டர்னேட்டரும் தாராளமாகக் கொடுக்கும். சும்மா நின்று ஓடும்போது குளிரூட்டி விசிறிக்கும் விளக்குக்கும் போக மிஞ்சுவது சொற்பம். ஒருவேளை விரைவுச்சாலையில் நின்றுவிட்டால், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் அருகிலுள்ள குறிக்கப்பட்ட நிறுத்துமிடம் வரை கட்டணமின்றி இழுத்துச் செல்லும். அங்கிருந்து பணிமனைக்குக் கொண்டுபோவது உங்கள் செலவு.

எண்ணெய்க்கை:

காக்கி புக்கிட் பக்கம் ஒரு பணிமனையில் வேலை செய்பவன் நான். எஞ்சினை ஓடவைப்பது சின்ன வேலை. அது ஏன் இறங்கியது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை, அதைப் பெரும்பாலானோர் செய்வதில்லை.

விரைவுச்சாலையில் ஒருமுறை போய் வந்தால் பேட்டரி நிறையாது. உங்கள் பேட்டரியின் கொள்ளளவு 45 ஆம்பியர்-மணி என்று கொள்வோம். 11.4 வோல்ட் என்றால் அநேகமாகக் காலி. முதலில் வேகமாக ஏறும். ஆனால் முக்கால் பங்கைத் தாண்டியதும் பேட்டரியே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும், கடைசிக் கால் பங்குக்குப் பல மணி நேரம் தேவை. தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கே 50 கிலோமீட்டர்தான் இருக்கும் ஊரில் காரோட்டத்தால் மட்டும் அது நிறையாது. மேலும், காலியான பேட்டரியை நிரப்பும் வேலைக்காக ஆல்டர்னேட்டர் செய்யப்படவில்லை. நெடுநேரம் முழு மின்னோட்டத்தில் ஓடினால் சூடாகிக் கெடும். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சார்ஜரில் 4 அல்லது 5 ஆம்பியரில் இரவு முழுவதும் வைப்பதே முறை. கார் நிறுத்துமிடத்துச் சுவரில் இருக்கும் பொது மின்செருகியில் மாட்டிவிடாதீர்கள், அது உங்களுக்கானது அன்று. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதானால் சன்னலைத் திறந்து வைத்த, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைத்து ஏற்றுங்கள். கழற்றும்போது எதிர்முனை முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

சார்ஜ் செய்த பிறகு சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மறுநாள் காலை 12.2 அல்லது அதற்குக் கீழே போயிருந்தால் அந்தப் பேட்டரி முடிந்துவிட்டது. 12.6 நின்றால் அடுத்த கேள்வி, கார் நிற்கும்போது எது மின்சாரத்தைக் குடித்தது என்பது. எல்லாம் அணைந்த பிறகும் அலாரம், சாவி உணரி, கடிகாரம் ஆகியவற்றுக்காக 20 முதல் 50 மில்லியாம்பியர் வரை போவது இயல்பு. 50 என்று வைத்தால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி; மூன்று வாரத்தில் 25. உங்கள் பேட்டரியில் பாதிக்கு மேல் இதிலேயே போய்விடும், பழுது எதுவும் இல்லாமலே. அதோடு நிறுத்தத்திலும் படம் பிடிக்கும் கேமரா இருந்தால் கணக்கே வேறு. அது 0.3 ஆம்பியர் இழுத்தால் நாளொன்றுக்கு 7 ஆம்பியர்-மணிக்கு மேல். மூன்றே நாளில் பாதி பேட்டரி. உங்கள் காரில் கேமரா இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால், மின்னழுத்தம் 12.2க்கு இறங்கியதும் தானாகத் துண்டிக்கும்படி அதன் இணைப்புப் பெட்டியை அமைக்கச் சொல்லுங்கள், பலர் 11.8இல் விட்டுவைக்கிறார்கள், அந்த அளவில் கேமரா பிழைக்கும், கார் பிழைக்காது.

பழைய டாட்சன்:

பணிமனைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் கடைசியில் பேட்டரியை மாற்று என்றுதான் முடிப்பார்கள். இவர் சார்ஜ் செய்து பார் என்று சொன்னது எனக்கே வியப்பாக இருக்கிறது. ஆனால் என் மைத்துனர் குளிர்நாட்டில் இருக்கிறார். அவர் கார் பேட்டரி ஆறேழு ஆண்டு உழைக்கிறது. நமக்கு மட்டும் ஏன் இரண்டு மூன்று ஆண்டில் போகிறது? குளிரில்தானே பேட்டரி கெடும் என்பார்கள்?

எண்ணெய்க்கை:

ஐயா, நல்ல கேள்வி. குளிர் பேட்டரியைக் கொல்வதில்லை. ஏற்கெனவே பலவீனமாக இருப்பதை அந்த நாளில் காட்டிக்கொடுக்கிறது. கொல்வது வெப்பம். வெப்பநிலை 10 பாகை கூடினால் உள்ளே தகடுகளை அரிக்கும் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் வழங்கும் தோராயக் கணக்கு. நமக்கு ஆண்டு முழுவதும் 30 பாகையைத் தொட்ட வெப்பம். பானட்டுக்குள் நெரிசலில் அதைவிடக் கடுமை. அதனால்தான் பேட்டரியைப் பின்பக்கம் வைத்த கார்களில் அது சற்றுக் கூடுதலாக உழைப்பதைப் பார்க்கிறோம்.

இதை ஒட்டி இன்னொன்று. கடைக்காரர் குளிர்ப்புறப்பாட்டு ஆம்பியர் (கடுங்குளிரில் எஞ்சினைத் தொடங்க பேட்டரி தரக்கூடிய மின்னோட்டம்) கூடுதலாக இருக்கிறது என்று விலை உயர்ந்த பேட்டரியை நீட்டினால் மயங்காதீர்கள். அந்த எண்ணை அளப்பது பூஜ்யத்துக்குக் கீழே 18 பாகையில். தயாரித்த தேதியைத்தான் பார்க்க வேண்டும். கடை அலமாரியில் மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி, புதிது என்ற பெயரில் பாதி வாழ்வை முடித்திருக்கும். மேல்மூடியில் இருக்கும் பச்சைக் கண்ணையும் நம்பிவிடாதீர்கள். ஆறு அறைகளில் ஒரே ஓர் அறையின் நிலையைத்தான் அது காட்டும். ஐட்லிங் ஸ்டாப் காருக்கு அதற்குரிய வகையையே போட வேண்டும். சாதாரணப் பேட்டரி சில மாதங்களில் திணறிவிடும்.

செம்புக்கம்பி:

கழற்றுவதைப் பற்றி ஒரு சிறு சேர்க்கை. இரண்டு காரும் ஓடிக்கொண்டிருக்கும்போது கவ்வியை எடுத்தால் மின்னழுத்தம் சற்றே துள்ளும். அதற்கு முன் உங்கள் காரின் விசிறியையும் பின்கண்ணாடிச் சூடேற்றியையும் போட்டுவைத்தால் அந்தத் துள்ளலை அவை வாங்கிக்கொள்ளும். முகப்பு விளக்கைப் போடாதீர்கள், பல்பு போகக்கூடும். உதவும் கார் ஓட வேண்டுமா, அணைந்திருக்க வேண்டுமா என்பதில் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. உங்கள் கையேடு சொல்வதே உங்களுக்குச் சட்டம்.

சிவப்புப்பலகை:

பக்கத்து வீட்டுக்காரரின் ஹைபிரிட் காருக்கே ஒருநாள் இது நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், ஏனெனில் என் அக்கா அதில்தான் திணறினார். பல ஹைபிரிட் கார்களில் 12 வோல்ட் பேட்டரி காரின் பின்பெட்டிக்குள் இருக்கிறது, பின்பெட்டியைத் திறக்கும் விசை மின்சாரத்தில் இயங்குகிறது, மின்சாரமோ இல்லை. சாவிக்குள் செருகியிருக்கும் உலோகச் சாவியை உருவி ஓட்டுநர் கதவைத் திறந்து, பானட்டைத் தூக்குங்கள். அங்குள்ள உருகிப் பெட்டியின் மூடியைக் கழற்றினால், சிவப்பு மூடியிட்ட ஒரு சிறிய உலோக முனை தெரியும். இதற்கென்றே வைத்திருக்கும் நேர்முனை அதுதான். சிவப்புக் கவ்வி அதிலும், கறுப்புக் கவ்வி எஞ்சினின் இரும்பிலும். இங்கே ஸ்டார்ட்டர் மோட்டார் சுழல வேண்டியதில்லை, கணினிகள் விழித்தால் போதும் என்பதால் மிகச் சிறிய ஜம்ப் ஸ்டார்ட்டரே தாராளம். ‘ரெடி’ விளக்கு எரிந்ததும் கவ்விகளை எடுத்துவிடலாம். அதன்பின் காரை ஓட்டும் பெரிய பேட்டரியே அந்த 12 வோல்ட் சின்ன பேட்டரிக்கு மின்னேற்றிக்கொள்ளும். ஆரஞ்சு நிறக் கம்பிகள் எங்கே தெரிந்தாலும் அவற்றின் பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டாம். அவை உயர் மின்னழுத்தக் கம்பிகள்.